கரம்பனூர்ப் பெண் போன வழி

கொள்ளிடம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே போகும் ரயில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் உத்தமர்கோவில் வந்துவிடும். கரம்பனூர் என்பது அதன் பழைய பெயர். ரயில்வேயின் பாலப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பாலத்தின் கீழே மணலில் நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தவன் நான். கரம்பனூர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவள், தில்லிக்கு நடந்தே போன ஒரு பெண்.

அவள் கதையைச் சொன்னது என் பாட்டி. ஸ்ரீரங்கத்து நம்பெருமாளைச் சேவிக்காமல் வாயில் பச்சைத் தண்ணீர்கூட விடாதவளாம். தில்லிப் படை கோயிலைக் கொள்ளையடித்துப் பெருமாளையும் தூக்கிக்கொண்டு போனபோது, ஊர் அழுதுகொண்டு நிற்க, அவள் மட்டும் படைக்குப் பின்னாலேயே நடந்தாள். அரண்மனைக்குள் எப்படியோ புகுந்தாள். சுல்தானின் மகள் பெருமாளைப் பொம்மையாக வைத்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து சொன்னாள். ஆடவும் பாடவும் தெரிந்தவர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய், சுல்தானை மகிழ்வித்து, பெருமாளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். பிரிவு தாங்காத சுல்தானின் மகள் பின்னாலேயே ஓடிவந்து ஸ்ரீரங்கத்தில் உயிரை விட்டாள். கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகில் இந்தச் செய்தி இருக்கிறது. அர்ஜுன மண்டபத்து மூலையில் துலுக்க நாச்சியார் என்ற பெயரில் அவள் சித்திரமாக இருக்கிறாள். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்கிறார்கள். திருமஞ்சனத்தின்போது அவர் கைலி உடுத்திக்கொள்கிறார்.

வரலாற்றில் இரண்டு படையெடுப்புகள் உண்டு. 1311-ல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் வந்தார். 1323-ல் கியாசுதீன் துக்ளக்கின் மகன் உலுக் கான் அனுப்பிய படை வந்தது. இரண்டாவதுதான் கொடுமையானது. திருவிழாவுக்காகக் கொள்ளிடத்து மணல்திட்டில் கூடியிருந்தவர்கள் மேல் படை பாய்ந்தது என்றும், பன்னீராயிரம் தலைகள் விழுந்தன என்றும் கோயில் மரபு சொல்கிறது. அந்த மணலில்தான் நான் அளவுகோலும் கையுமாக நின்றிருக்கிறேன். அந்தப் படைகளை அனுப்பிய கோட்டைகளை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கே நின்ற நாட்களில் வளர்ந்தது. வெள்ள எச்சரிக்கை, பெண்களின் கல்யாணம், வீட்டுக் கடன் என்று தள்ளித் தள்ளிப் போய், ஓய்வு பெற்ற பிறகுதான் கைகூடியது. “எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள் மனைவி. தனியாகக் கிளம்பினேன்.

வாரங்கல் வழியாக

சென்னையில் வண்டி மாறி கிராண்ட் டிரங்க் பாதையில் ஏறினால், படை தெற்கே வந்த தடத்தில் நாம் வடக்கே போகிறோம். வாரங்கல் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது இறங்கி நின்றேன். காகதீயர்களின் தலைநகரம் இது. உலுக் கானின் முதல் முற்றுகையைத் தாங்கிய வாரங்கல், 1323-ல் இரண்டாவது முற்றுகையில் வீழ்ந்தது. அரசர் பிரதாபருத்ரரைத் தில்லிக்குக் கைதியாக அனுப்பினார்கள். அவர் போய்ச் சேரவில்லை. நர்மதைக் கரையில் இறந்தார் என்று பின்வந்த ஒரு செப்பேடு சொல்கிறது. இட்டார்சியைத் தாண்டி நர்மதைப் பாலத்தில் வண்டி ஓசையுடன் ஏறியபோது எழுந்து கதவருகே போய் நின்றேன். கீழே அகன்ற நீர், படித்துறையில் யாரோ குளிக்கிறார்கள்.

எதிர் இருக்கையில் நாக்பூர்க்காரக் குடும்பம். பாட்டியம்மா எனக்கும் ஒரு தட்டில் கடலைமாவுக் கறியும் சோள ரொட்டியும் வைத்துக் கொடுத்தார். எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து நான் அவர் பேரனுக்குக் கொடுத்தேன். அவன் கறிவேப்பிலையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அடுக்கினான்.

தில்லியை நெருங்கும்போது துக்ளகாபாத் ஸ்டேஷன் ஜன்னலில் ஓடி மறைந்தது. ரயில்வேக்காரனுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் பழக்கம். வடக்கிலிருந்து வரும் இன்ஜின்களின் பக்கவாட்டில் ஷெட்டின் பெயராகத் துக்ளகாபாத் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் மற்றவர்களுக்குத் துக்ளக் என்றால் சோ. நாடகமாகவும் 1971-ல் படமாகவும் பத்திரிகையாகவும் அந்தப் பெயர் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் கட்டிய சுவர் எப்படி இருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துப் பார்த்ததில்லை.

சிரி

மாசி மாதத் தில்லி இதமாக இருந்தது. காலையில் ஸ்வெட்டர், மதியம் வெயில். சாலையோர இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றன. தள்ளுவண்டிகளில் சக்கரவள்ளிக் கிழங்கைக் கரியில் சுட்டு, தோலுரித்து, எலுமிச்சை பிழிந்து மசாலா தூவித் தருகிறார்கள். வேகவைத்து வெல்லத்தோடு தின்றே பழகிய நாக்குக்கு அது புதுச் சுவை. தினமும் வாங்கினேன்.

1311-ன் படை கிளம்பிய காலத்தில் தலைநகராக இருந்தது சிரி. மங்கோலியர் தில்லியை முற்றுகையிட்ட 1303-ஐ ஒட்டி அலாவுதீன் கில்ஜி கட்டிய கோட்டை. இன்று ஷாபூர் ஜாட் என்ற ஊர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. சந்துகளில் மாடிக்கு மாடி சரிகை வேலைக்காரர்கள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நாலு பேர் நாலு பக்கம் குனிந்திருக்கிறார்கள். அதற்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, இடுப்பளவும் ஆளுயரமுமாகக் கொஞ்சம் சுவர். மீதியை எழுநூறு ஆண்டில் பக்கத்துக் கட்டடங்கள் தின்றுவிட்டன. காவலுக்கு இருந்தவரிடம் அரைகுறை இந்தியில், “இங்கே ஓர் இளவரசி இருந்தாளாம், கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “ராணிகள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் அங்கிள்ஜி” என்றார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், குடியிருப்புகளின் நடுவில் பிஜய் மண்டல் என்ற மேட்டுக் கட்டடம் நிற்கிறது. அங்கே நெடுநேரம் இருந்தேன். அப்பாவுக்குப் பின் அரியணை ஏறிய உலுக் கான், முகமது பின் துக்ளக் என்ற பெயரில் ஆண்டபோது கட்டிய ஜஹான்பனா நகரத்தின் அரண்மனை இது. இங்கேதான் ஆயிரம் தூண் மண்டபம் இருந்தது. மரத்தூண்கள், வண்ணம் பூசியவை, மேலே மரக்கூரை. மொராக்கோவிலிருந்து வந்து இந்தச் சுல்தானிடம் காஜியாக வேலை பார்த்த இபின் பதூதா அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் தில்லியில் மணந்துகொண்ட பெண்களில் ஒருத்தி ஜலாலுதீன் அசன் கானின் மகள். மதுரையில் சுல்தானின் பிரதிநிதியாக இருந்து, 1335-ல் தில்லியை உதறிவிட்டுத் தானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டவர் அந்த அசன் கான்.

இப்போது தூண்கள் இல்லை. அவற்றைத் தாங்கிய கற்கள் மட்டும் தரையில் வரிசை பிடித்திருக்கின்றன. நம்ம ஊர் ஆயிரங்கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஓடி ஒளிந்து விளையாடி வளர்ந்த எனக்கு அந்த வரிசை உடனே பிடிபட்டது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எட்டு வைத்து நடந்தேன். இரண்டும் ஆயிரம் என்று பெயர் வாங்கியவை. ஒன்றில் இன்றும் வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாள் எழுந்தருள்கிறார். இன்னொன்றின் கற்களுக்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வெயில் காய்ந்துகொண்டு பட்டாணி உரித்தார்கள். எனக்கு வெற்றிக் களிப்பு எதுவும் வரவில்லை. மரமும் கல்லும் வேறு வேறு ஆயுள் கொண்டவை என்பது என் தொழில் சொல்லிக் கொடுத்த பாடம். ஆனால் கோயிலைக் கல் மட்டும் காப்பாற்றவில்லை. இரண்டாவது படையெடுப்பின்போது வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் தள்ளாத வயதில் நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடியது, மதுரை யானைமலைப் பக்கத்துச் சிற்றூரில் அவர் உயிர் போனது, பெருமாள் மலையாள நாடு, மைசூர்ச் சீமை, திருமலை என்று அலைந்து 1371-ல் திரும்பி வந்தது எல்லாம் சேர்ந்துதான் அது நிற்கிறது. கோபுரத்திலிருந்து தளபதியைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்த தேவரடியாள் வெள்ளாயி பெயரில் வெள்ளைக் கோபுரம் இருக்கிறதே, அதுவும் சேர்ந்து.

நிஜாமுதீன்

வியாழக்கிழமை மாலை நிஜாமுதீன் அவுலியா தர்காவுக்குப் போனேன். திருச்சி நத்தர்வலி தர்காவில் வீசும் அதே ரோஜா வாசனை. அங்கே கடைக்காரர் “வாங்க ஐயா, செருப்ப இங்க விடுங்க” என்பார். இங்கே “ஆயியே சாச்சா”. ஞானியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவர் சீடர் அமீர் குஸ்ரோவின் கல்லறை. மாலிக் காஃபூரின் தென்னாட்டுப் படையெடுப்பைப் பாரசீக மொழியில் புகழ்ந்து எழுதிவைத்தவர் இவர்தான். தெற்கே இடிக்கப்பட்ட பொற்கோயில்களைப் பற்றியும் எழுதியவர். அவர் எழுதிய பாட்டுகளைத்தான் முற்றத்தில் ஆர்மோனியத்தோடு பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் குழம்பியது. அந்த எழுத்தின் மீது எனக்கு இருந்த கோபமும் பொய்யில்லை, அந்தக் குரல்களில் என் கண் கலங்கியதும் பொய்யில்லை. எழுந்து போகத் தோன்றவில்லை. கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தேன்.

தர்காவின் பின்பக்கம் படிக்கிணறு. கியாசுதீன் துக்ளக் கோட்டை கட்டியபோது ஊரிலுள்ள கூலியாட்களையெல்லாம் தன் வேலைக்கே இழுத்துக்கொண்டாராம். அவர்கள் பகலில் கோட்டைக்கும் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு இந்தக் கிணற்றுக்கும் உழைத்தார்கள். சுல்தான் எண்ணெயை நிறுத்தினார். கிணற்று நீரே எண்ணெயாக எரிந்தது என்கிறது கதை. ஞானி கோட்டையைச் சபித்தார்: ஒன்று அது பாழாய்க் கிடக்கும், இல்லை குஜ்ஜர்கள் குடியிருப்பார்கள். வங்கத்துப் படையெடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் தன்னைத் தண்டிக்கப் போகிறார் என்று சீடர்கள் பதறியபோது, தில்லி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றார். சுல்தான் ஊருக்குள் வரவேயில்லை. 1325-ல் சுல்தானும் ஞானியும் குஸ்ரோவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

வெளியே சந்தில் ஒருவர் தந்தூர் அடுப்புக்குள் தோள் வரை கையை விட்டு ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஷீர்மால் என்று பாலும் நெய்யும் விட்டுப் பிசைந்த, லேசாக இனிக்கும் ரொட்டி. சைவம்தானா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. எங்கள் ஊர் மடப்பள்ளி ரொட்டியைவிட மெத்தென்று இருந்தது. அந்த இளவரசி நினைத்து ஏங்கியது இந்த மாதிரி ஒன்றைத்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

மறுநாள் காலை பக்கத்துப் போகல் பகுதியில் ஓர் இட்லிக் கடையில் தமிழ் கேட்டது. “எந்த ஊருண்ணே?” என்றார் பரிமாறிய அம்மாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சிறுபெண்ணாக வந்தவர். பாராபுல்லா வாய்க்கால் கரையில் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவுப்படி இடிக்கப்பட்டதே, அங்கேதான் இவர் வீடும் இருந்தது. தகுதியுள்ளவர்கள் பட்டியலில் பெயர் இருந்ததால் நரேலாவில் வீடு கிடைத்திருக்கிறது. நகரத்தின் மறுகோடி அது. “நாலு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறி வரேண்ணே. வேலை இங்கதான இருக்கு” என்றார். இரண்டு இட்லி கூட வைத்தார். காசு வாங்க மறுத்தார். தில்லிக்கு வந்த தமிழ்ப் பெண்ணை நான் எழுநூறு ஆண்டுக்கு முந்தைய கதையில் தேடிக்கொண்டிருந்தேன். இவர் சாம்பார் வாளியோடு எதிரில் நிற்கிறார்.

துக்ளகாபாத்

கோட்டையை முதலில் சாலையிலிருந்து பார்த்தேன். மெஹ்ரோலி–பதர்பூர் சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, அதற்கு மேலே பாறையோடு பாறையாகச் சுவர் எழும்பி நிற்கிறது. சுற்றளவு ஆறரை கிலோமீட்டர். 1321 வாக்கில் தொடங்கி நாலே ஆண்டில் கட்டியது. என் கால்கள் தானாக நின்றன.

பாலம் கட்டுகிறவனுக்குச் சுவர் பேசும். இந்தச் சுவர் அடியில் அகன்று, மேலே போகப் போக உள்வாங்கிச் சாய்கிறது. மண்ணைத் தாங்கும் அணைச்சுவருக்கு நாங்கள் கொடுக்கும் அதே சாய்வு. வெளிமுகத்தில் பெரிய குவார்ட்சைட் கற்கள், உள்ளே உடைகல்லும் சுண்ணாம்பும். அஸ்திவாரம் தோண்டும் வேலை பெரிதாக இருந்திருக்காது, பாறைதான் அஸ்திவாரம். கல்லை இங்கேயே உடைத்து இங்கேயே ஏற்றியிருக்கிறார்கள். நாலு ஆண்டில் முடிந்ததற்கு அதுதான் வழி. வாரங்கலும் மதுரையும் கொள்ளை போன அதே ஆண்டுகளில் இந்தக் கல்லை ஏற்றினார்கள் என்ற நினைவு கூடவே வந்தது. அம்பு எய்யும் துளைகளுக்குள் கையை நுழைத்துப் பார்த்தேன். கல் குளிர்ந்திருந்தது.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் புதர்க்காடு. கிட்டப் போய்ப் பார்த்தால் நம்ம சீமைக்கருவேலம்! இராமநாதபுரம் கண்மாய்களைத் தின்ற அதே மரம், இங்கே சுல்தானின் தெருக்களை மூடி நிற்கிறது. இங்கே விலாயதி கீகர் என்கிறார்கள். முள்ளை ஒதுக்கிக்கொண்டு நடந்தால் தெருக்களின் கோடுகளும் வீடுகளின் அடிச்சுவர்களும் ஒரு பெரிய மசூதியின் மிச்சமும் வருகின்றன. குரங்குகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. பாறையில் செங்குத்தாக வெட்டிய படிக்கிணறு ஒன்று. எட்டிப் பார்க்கவே வயிறு கலங்கும் ஆழம். அடியில் பச்சையாகக் கொஞ்சம் நீர்.

இந்த நகரம் ஏன் உடனே கைவிடப்பட்டது? சாபம் என்கிறது ஊர். மகன் தனக்கென்று வேறு நகரம் கட்டிக்கொண்டான், 1327-ல் தலைநகரையே தேவகிரிக்கு மாற்றினான் என்பது வரலாறு. என் பங்குக்கு நான் தண்ணீரைச் சொல்வேன். பாறை முதுகில் ஊரைக் கட்டி, மழை நீரை அணைபோட்டுத் தேக்கி, ஆழக் கிணறு வெட்டி எத்தனை நாள் ஓட்ட முடியும்? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்தவனுக்கு இந்தக் கிணற்றின் ஆழமே போதுமான விளக்கம்.

உச்சியில் ஒரு மேடு. அங்கிருந்து தெற்கே பார்த்தால் சாலைக்கு அப்பால் கியாசுதீனின் கல்லறை. ஒரு காலத்தில் ஏரிக்குள் நின்றது, கோட்டையிலிருந்து கல்பாலம் போட்டுப் போவார்கள். இப்போது ஏரி இல்லை, பாலத்தைச் சாலை அறுத்துவிட்டது. கீழே இறங்கி அங்கும் போனேன். ஐங்கோண மதிலுக்குள் சிவப்புக் கல், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம். சுவர்கள் இங்கும் சாய்ந்தே ஏறுகின்றன. உள்ளே மூன்று கல்லறைகள். வெற்றியோடு திரும்பிய அப்பாவை வரவேற்க மகன் அவசரமாக எழுப்பிய மர மண்டபம் சரிந்து விழுந்து அவர் இறந்தார். இடி விழுந்தது என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் பரனி. மகனின் சதி, யானைகள் நடந்ததும் சரியும்படி கட்டியிருந்தார்கள் என்கிறார் இபின் பதூதா. சிப்பாய்கள் பாலத்தின் மேல் கால் ஒத்து நடக்கக் கூடாது என்று எங்கள் பிரிவில் சொல்லித் தருவார்கள். அவசர மரவேலையின் பக்கத்தில் யானைகளை வரிசையாக நடத்தினால் சதி இல்லாமலும் விழும். எனக்கு அந்த மகனைக் காப்பாற்ற வேண்டிய கடன் ஒன்றுமில்லை. ஆனாலும் மூட்டு விட்ட மரத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

துக்ளகாபாத் கிராமம்

கோட்டை மதிலை ஒட்டியே ஊர். 2023-ல் மதிலுக்குள் பரவியிருந்த வீடுகளை நீதிமன்ற உத்தரவுப்படி இடித்தார்கள். செங்கல் குவியல்களுக்கு மேல் புல் முளைத்திருக்கிறது. பழைய ஊரில் ஒரு வாசலில் கயிற்றுக் கட்டிலும் ஹூக்காவும் வெள்ளை முண்டாசுமாக ஒரு பெரியவர். “தாவுஜி, ராம் ராம்” என்றேன். நகர்ந்து இடம் கொடுத்தார். குஜ்ஜர்தான். சாபக் கதையைக் கேட்டேன். “சாபமா? எங்களுக்கு அது வரம். சுல்தான் போனான், நாங்கள் இருக்கிறோம்” என்றார். மருமகள் முகத்தை மறைத்து முக்காட்டை இழுத்துக்கொண்டு, பித்தளை டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார்.

எங்கிருந்து இவ்வளவு தூரம் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், தெரியாத இடத்தில் கையால் காட்டி, கரம்பனூர்ப் பெண்ணையும் சுல்தானின் மகளையும் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து கட்டிலைச் சூழ்ந்துவிட்டார்கள். பொம்மை வந்த இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். சுல்தானின் மகள் பின்னாலேயே ஓடிவந்த இடத்தில் பெரியவர் ஹூக்காவை வாயிலிருந்து எடுத்தார்.

“அவளை அங்கே என்ன செய்தார்கள்?”

கோயிலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம், நாச்சியார் என்று கும்பிடுகிறோம் என்றேன். அவள் பெயரால் ரொட்டியும் வெண்ணெயும் உண்டு என்றேன்.

“கோதுமை ரொட்டியா?”

“கோதுமைதான்.”

“குளிர்காலத்திலுமா?” முண்டாசு மறுப்பாக ஆடியது. “குளிருக்குக் கம்பு ரொட்டிதான் உடம்புக்கு நல்லது. வெண்ணெய் போதாது, வெல்லமும் வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துப் பெண், அவ்வளவு தூரம் போயிருக்கிறாள்.”

எங்கள் ஊரில் குளிர் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அரங்கன் மடப்பள்ளியில் தளிகையின் முறையை யாரும் மாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே எனக்குத் தெரிந்தவர்களிடம் அவர் சொன்னதைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். மருமகள் உள்ளே போய்க் காகிதத்தில் சுற்றி ஒரு வெல்லக் கட்டியைக் கொண்டுவந்து என் பையில் வைத்தார்.